ஆய்வக ரோபோக்களில் திரைச் செய்திகள்

திரவங்களை அளந்து ஊற்றும் ஆய்வக ரோபோ வேலை செய்யும்போது, பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படும்படி அதன் புரோட்டோகால் (ரோபோவை இயக்கும் செய்முறை நிரல்) காட்டுவன எல்லாம் திரைச் செய்தி என்ற வகையில் அடங்கும்: ஓட்டப் பதிவின் வரிகள், இடைநிறுத்தத்தில் தோன்றும் அறிவுறுத்தல், எந்தக் குழியில் எந்தத் திரவம் என்று காட்டும் நிறங்கள், டெக்கின் (தட்டுகள் வைக்கும் மேடையின்) மேல் எரியும் விளக்கு. நிரலை முடித்த பிறகு ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ளும் விஷயமாகவே பலர் இவற்றைக் கருதுகிறார்கள். அது தவறு. ரோபோவுக்கு இடும் கட்டளையைப் போலவே மனிதருக்குச் சொல்லும் வாசகமும் செய்முறையின் உறுப்புதான். அமெரிக்காவின் ஓப்பன்ட்ரான்ஸ் நிறுவனம் தன் ஓடி-2, ஃபிளெக்ஸ் ரோபோக்களுக்குத் தரும் பைத்தான் நிரலகம் இதற்குத் தெளிவான சான்று.

பைத்தானில் பழகியவர் கை முதலில் பிரிண்ட் கட்டளைக்குத்தான் போகும். அதன் வெளியீடு ரோபோவை இயக்கும் ஓப்பன்ட்ரான்ஸ் செயலியின் ஓட்டப் பதிவில் சேராது; அதற்கென்றே கமெண்ட் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நிரல் கோப்பைச் செயலியில் ஏற்றியதும் புரோட்டோகால் முழுவதும் ஒருமுறை ஒத்திகையாக ஓட்டப்படுகிறது. செய்திகளின் வாசகம் அப்போதே முடிவாகிவிடுகிறது. ரோபோவின் உணரிகள் அந்தந்த நேரத்தில் காண்பதை இச்செய்திகளால் தெரிவிக்க முடியாது என்று நிறுவனத்தின் ஆவணமே சொல்கிறது. ஆகவே ‘வெப்பநிலை 4 டிகிரியை எட்டிவிட்டது’ என்று நிரலர் எழுதிவைத்த வரி எதற்கும் சாட்சி ஆகாது. ‘அடுத்து 4 டிகிரிக்குக் குளிர்விக்கும் கட்டம்’ என்பதே அந்த இடத்துக்குரிய உண்மையான வாசகம். திரவ நிறங்களுக்கும் இது பொருந்தும். நீலம் காட்டும் குழியில் இருப்பது தாங்கல் கரைசல்தானா என்று ரோபோ சோதித்துச் சொல்வதில்லை. ஊற்ற வேண்டியது எது என்று ஊற்றும் கைக்கு நினைவூட்டுகிறது, அவ்வளவே.

ஒவ்வொரு படிக்கும் ஒரு செய்தி இருந்தால் பதிவு முழுமையாகும் என்று சிலர் வாதிடுவார்கள். பிப்பெட் முனையை எடுத்தது, உறிஞ்சியது, விட்டது ஆகிய எல்லாம் தொடங்கிய, முடிந்த நேரங்களோடு ஓட்டப் பதிவில் ஏற்கெனவே இருக்கின்றன. 96 குழித் தட்டில் குழிக்கு ஒரு வரி வீதம் கூடுதலாக எழுதினால், மனிதர் கை வைக்க வேண்டிய ஒரே வரி அந்தக் குவியலில் புதைந்துபோகும். முழுத் தானியக்கத்தில் மனிதருக்கு என்ன வேலை என்பது இன்னொரு மறுப்பு. ஓடி-2 ரோபோவுக்குத் தட்டைத் தூக்கி நகர்த்தும் கை கிடையாது. தட்டை மையவிலக்கிக்குக் கொண்டுபோய்த் திரும்ப வைப்பவர் மனிதர். இடைநிறுத்தச் செய்தி அவருக்கானது. ‘தட்டை மாற்றவும்’ என்றால் அவர் எந்தத் தட்டு, எங்கே என்று தேடி நிற்பார். ‘5ஆம் இடத்திலுள்ள தட்டை எடுத்து, மையவிலக்கியில் சுழற்றி, அதே இடத்தில் ஏ1 குழி இடப்பக்க மேல்மூலையில் வருமாறு வைக்கவும்’ என்றால் வேலை நடக்கும்.

இந்த நல்ல வாசகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஓடி-2 டெக்கின் இடங்களுக்கு எண்களே பெயர். ஃபிளெக்ஸில் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர்கள். அதே புரோட்டோகாலை ஃபிளெக்ஸுக்கு மாற்றும்போது, தட்டை ஏற்றும் கட்டளையில் ‘5’ என்றே இருந்தாலும் நிரலகம் அதை சி2 என்று சரியாகப் புரிந்துகொள்ளும். மேற்கோள்குறிக்குள் கையால் எழுதிய ‘5ஆம் இடம்’ மட்டும் மாறாமல் நிற்கும். டெக்கில் அப்படியொரு எண்ணைத் தேடினாலும் கிடைக்காது. இடப்பெயரை வாசகத்தில் எழுதாமல், தட்டைக் குறிக்கும் மாறியிடமே கேட்டு வாங்கிச் செய்தியில் பொருத்துவது இதற்குத் தீர்வு. தட்டின் இடம் உணரி சொல்லும் செய்தி அன்று, திட்டத்திலேயே முடிவானது. அதனால் ஒத்திகையில் உருவான அந்த வரி ஓட்டத்தின்போதும் சரியாகவே இருக்கும்: ஓடி-2 திரையில் 5 என்றும், ஃபிளெக்ஸ் திரையில் சி2 என்றும்.