கொத்தும் கூப்பனும்: ஒரு குசினியின் வரலாறு

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. கொழும்பில் வெற்று எரிவாயுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியோரங்களில் வரிசையாக வைத்துவிட்டு மக்கள் காத்துக்கிடந்த காலம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் வசிக்கும் என் தங்கையின் மகள் ஒருநாள் மாலை தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, காஸ் முடிஞ்சுது. விறகு வைக்கவும் இடமில்லை. அந்தக் காலத்திலை என்ன செய்தவை எண்டு அம்மம்மாவிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ."

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் தாயாருடன் இருந்தேன். வயது எண்பத்து நான்கு. தொலைபேசியில் பேசினால் காது கேளாது. விடயத்தை உரத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு கேட்ட முதற் கேள்வி, "எத்தினையாம் மாடி?" என்பது. நான்காம் மாடி என்றதும் மரத்தூள் அடுப்பு வேண்டாம், புகையும் நெருப்பும் ஆபத்து என்று சொல்லிவிட்டு வேறொரு வழியைச் சொன்னார். அரிசியைக் காலையிலேயே ஊறவைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும் வேளையில் அளவான தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறவாமல் பானையைப் பழஞ்சேலைகளால் இறுகச் சுற்றிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் சோறு தானாக வெந்துவிடும். பருப்புக்கும் இதே முறைதான்.

மறுநாள் மருமகள் அழைத்து, "சரியா வந்தது மாமா" என்றாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் எழுதியவன் நான். தட்டுப்பாடு பற்றியும் விலைவாசி பற்றியும் எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. ஆனால், அந்தத் தட்டுப்பாட்டுக்குள் ஒரு வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. மறுநாட் காலையிலிருந்து தாயாரிடம் கேட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். அவர் 2023 இல் காலமானார். அந்தக் குறிப்புகளே இக்கட்டுரைக்கு அடிப்படை.

அவருடைய வாழ்நாளில் இந்த நாடு ஐந்து பெரும் தட்டுப்பாடுகளைக் கண்டது. ஐந்தும் எங்கள் குசினிக்குள் வந்து போயின. குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. பாண் என்பதும் அவ்வாறே. நம்மவர் சமையலறை என்றைக்கும் உலக அரசியலுக்கு வெளியே இருந்ததில்லை.

முதலாவது தட்டுப்பாடு 1942 இல் வந்தது. அக்காலத்தில் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியை இறக்குமதி செய்தது. அதில் பர்மா அரிசிக்குத் தனியிடம் இருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. ஏப்ரல் 5 இல் கொழும்பு மீதும் 9 இல் திருகோணமலை மீதும் குண்டுகள் விழுந்தன. அரிசிக் கப்பல்கள் நின்றுபோக, பங்கீடும் கூப்பனும் வந்தன. அப்போது தாயாருக்கு நான்கு வயது. அவருக்கு நினைவிருந்ததெல்லாம் மரவள்ளிக்கிழங்கும் ஒடியற் பிட்டுமே.

இவை இரண்டும் ஏழைகளின் உணவு என்று இகழப்பட்டவை. ஆனால் இவற்றைச் சமைப்பதற்கு அறிவு வேண்டும். மரவள்ளியில் நஞ்சாக மாறக்கூடிய பொருள் உண்டு. ஆகவே அதை அவிக்கும்போது சட்டியை மூடக்கூடாது, அவித்த நீரை ஊற்றிவிட வேண்டும் என்று என் அம்மம்மா கண்டிப்பாக இருந்தாராம். ஒடியல் மாவின் கசப்பைப் போக்க அதை நீரில் ஊறவைத்து வடித்து, மீண்டும் ஊறவைத்து வடிக்க வேண்டும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்பிக்கவில்லை. பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்து ஒடியலாக்கிய தலைமுறைகள், பஞ்சம் வருமுன்பே பஞ்சத்துக்கான விடையைப் பரணில் ஏற்றி வைத்திருந்தன.

போர்க்காலத்தில் அரிசியின் இடத்தை நிரப்ப வந்தது கோதுமை மா. பிற்காலத்தில் அமெரிக்க உதவியாக வந்ததால் எங்கள் ஊரில் அது 'அமெரிக்கன் மா' ஆயிற்று. அரிசி மாவுக்குப் பழகிய கைகள் இந்த மாவைக் குழைத்தபோது அது பசைபோல் இழுபட்டது. பிட்டு உதிரவில்லை; இடியப்ப உரலில் பிழியவும் முடியவில்லை. நமது பெண்கள் கண்ட தீர்வு எளிமையானது. மாவைத் துணியில் முடிந்து நீராவியில் அவித்து, சூடாக இருக்கும்போதே உடைத்து அரித்துக்கொண்டார்கள். அவித்த மாவில் இழுபடும் தன்மை அடங்கிவிடுகிறது. கோதுமையிலுள்ள புரதம் வெப்பத்தால் மாறிவிடுவதே காரணம் என்று இன்று விஞ்ஞானம் விளக்குகிறது. விளக்கத்துக்குக் காத்திராமல் வீடுதோறும் பிட்டு அவிந்தது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இன்று தமிழ்க் கடைகளில் 'அவித்த மா' என்று பொதியில் விற்கப்படுவது தட்டுப்பாட்டுக் காலத்தின் கண்டுபிடிப்பு என்பதை வாங்குபவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

இரண்டாவது நெருக்கடி 1953. டட்லி சேனநாயக்கா பிரதமர், ஜே.ஆர். ஜெயவர்த்தனா நிதியமைச்சர். ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12 இல் நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. பலர் உயிரிழந்தனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். ஒரு கொத்து அரிசி ஓர் அரசாங்கத்தையே அசைக்கும் என்பதை இந்நாட்டு அரசியல்வாதிகள் அன்று கற்றார்கள். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு தேர்தலிலும் அரிசி ஒரு வேட்பாளராக நின்றது எனலாம்.

தாயாருக்கு அப்போது பதினைந்து வயது. அம்மம்மாவிடமிருந்து அவர் ஒரு பழக்கத்தைக் கற்றது அந்த ஆண்டில்தான். உலைக்கு அரிசி அளந்தபின் அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப் பானையில் போடுவது. பிடியரிசி என்பார்கள். கோயிலுக்கும் பொதுக் காரியங்களுக்கும் இவ்வாறு அரிசி சேர்த்துக் கொடுப்பது நமது ஊர்களின் பழைய வழக்கம். எங்கள் வீட்டில் அந்தப் பானை மாதக் கடைசிக்கும், முன்னறிவித்தலின்றி வரும் விருந்தாளிக்கும் உரியதாயிற்று.

மூன்றாவது தட்டுப்பாடு என் நினைவில் உள்ளது. 1970 இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு அந்நியச் செலாவணி இல்லாத நிலையில் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1973 இல் எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறியதும் நிலைமை முற்றியது. விடியற்காலையில் பாணுக்கு வரிசை. சங்கக்கடையில் சீனிக்கு வரிசை. குறித்த அளவுக்கு மேல் அரிசி கொண்டுசெல்வோரைப் பிடிக்க வீதிகளில் தடைமரங்கள் இருந்தன. ஏழு வயதுச் சிறுவனான நான் ஒரு றாத்தல் பாணுக்காக இருட்டில் நின்றிருக்கிறேன்.

அதே காலத்துக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார்கள். செம்மண் நிலத்தில் விளைந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் கல்வீடுகளாக மாறின. 1977 இல் வந்த திறந்த பொருளாதாரம் பாண் வரிசையை ஒழித்தது. கூடவே அந்தச் சந்தையையும் சரித்தது. ஒரே கொள்கை ஒரு வீட்டில் அடுப்பை அணைத்து அடுத்த வீட்டில் ஏற்றியதை நான் வளர்ந்தபின்தான் விளங்கிக்கொண்டேன்.

அன்று எங்கள் குசினியில் ஒரு தேங்காய் எவ்வாறு செலவானது என்பதைத் தாயார் எனக்குக் கணக்காகச் சொன்னார். திருவிய பூவின் முதற்பால் கறிக்கு. இரண்டாம் பால் மரக்கறி அவிக்க. மூன்றாம் பால் சொதிக்கு. எஞ்சிய சக்கையில் கொஞ்சம் வறைக்கு, மிகுதி கோழிக்கு. சிரட்டை அகப்பையாகும் அல்லது கரியாகும். பொச்சு அடுப்புக்கு. முற்றத்து முருங்கை நாளுக்கு ஒரு கறி தந்தது. வேப்பம்பூவும் உழுந்தும் சேர்ந்து வடகமாகின. மலிந்த காலத்து மிளகாய் மோரில் ஊறி வெயிலில் காய்ந்து மாரிக்குக் காத்திருந்தது. முதல்நாட் சோறு தண்ணீரில் ஊறி, வெங்காயத்துடனும் பச்சைமிளகாயுடனும் காலையுணவானது. வீட்டில் வீண் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நான்காவது தட்டுப்பாடு பற்றி எழுதுவது எனக்குக் கடினம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், மின்கலம், சவர்க்காரம் என்று பட்டியல் நீண்டது. பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. நான் இளம் நிருபர். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கின் வெளிச்சத்தில் விலைவாசிப் பட்டியல்களை எழுதினேன். சில அடி தூரத்தில் தாயார் மரத்தூள் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். பெரிய ரின் ஒன்றின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக அடைந்து, போத்தலை உருவி எடுத்தால் அடுப்புத் தயார். கீழ்த்துளையால் தீ வைத்தால் மணிக்கணக்கில் கனன்று எரியும். அதுவே செய்தி என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

அந்நாட்களில் ஒருமுறை அலுவலக நண்பர்கள் இருவர் திடீரென வீட்டுக்கு வந்தார்கள். சீனி இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். தாயார் என்னை உள்ளே அழைத்து மெல்லச் சொன்னார்: "தம்பி, சீனி இல்லையெண்டு சொல்லாதை. பனங்கட்டி இருக்கெண்டு சொல்லு." வெறுந்தேநீரும் உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் வந்தன. பிறகு பிடியரிசிப் பானை திறந்தது. சோறு, முருங்கையிலை வறை, சொதி, பொரித்த மோர்மிளகாய். நண்பர்கள் வயிறார உண்டார்கள். விருந்தோம்பல் என்பது இல்லாததை மறைப்பதல்ல, இருப்பதை முன்வைப்பது என்பதை நான் படித்த இடம் அது.

2022 இல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது நான் இந்தச் சம்பவத்தை நினைவூட்டினேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்டேன். உலைக்கு அளந்ததிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்தால் யாருக்கோ ஒரு பிடி குறையுமே, அது யாருடைய பங்கு?

அவர் என்னை வியப்புடன் பார்த்தார். "என்ரைதான். வேறை ஆற்றை?"

நான் பேனாவை மூடிவைத்தேன். ஐந்து பேர் கொண்ட எங்கள் வீட்டில் எவருக்கும் சோறு குறைந்ததாக நினைவில்லை. எல்லோருக்கும் பிறகு, சட்டியைத் துடைத்துப் பிசைந்து அவர் உண்டது மட்டும் நினைவிருக்கிறது. அதை அவருடைய விருப்பம் என்றே நான் ஐம்பது வயதுவரை எண்ணியிருந்தேன்.

ஆகவே சிக்கனத்தைப் புகழ்ந்து எழுதும்போது என் கை தயங்குகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள், சிக்கனமாக இருங்கள் என்று உபதேசங்கள் குறைவின்றி வந்தன. கருவூலத்தை வெறுமையாக்கியவர்கள் குசினிக்குச் சிக்கனம் போதிப்பது இந்நாட்டில் புதிதல்ல. அந்த உபதேசத்தின் விலையைச் செலுத்துபவர் கடைசியாக உண்ணும் பெண் என்பதை ஐந்து தட்டுப்பாடுகளும் எனக்குக் காட்டின. அவருடைய அறிவை நாம் போற்ற வேண்டும். அவருடைய பசியை அல்ல.

தாயாரின் குறிப்புகளை மருமகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எரிவாயு இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. ஆயினும் அவள் பருப்பை இன்னும் பழஞ்சேலையில் சுற்றித்தான் வேகவைக்கிறாள். பிடியரிசியும் எடுக்கிறாள், ஆனால் ஒரு திருத்தம் செய்திருக்கிறாள். ஐந்து நாட்களுக்கு ஒருமுறை வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய பங்கிலிருந்தும் முறைவைத்து அந்தப் பிடி எடுக்கப்படுகிறது. கணவனின் பங்கும் அதில் அடக்கம்.

உலகின் எத்திசையில் இருந்து இதைப் படித்தாலும், உங்கள் தாயார் இருக்கிறார் என்றால் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். எப்படிச் சமைத்தீர்கள் என்பதுடன், நீங்கள் சாப்பிட்டீர்களா என்பதையும் கேளுங்கள்.