ஆங்கில மரபுத்தொடர்களில் பாய்மரக் கப்பல்

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் மரபுத்தொடர்கள் பல, பாய்மரக் கப்பல்களிலிருந்து கரையேறியவை. பாய்மரக் கப்பலின் காலம் முடிந்த பிறகும் பேச்சில் நிலைத்துவிட்டன. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் இவை பிடிபடுவதில்லை.

'திரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்றால் தலைக்கேறக் குடித்திருப்பது. 'ஷீட்' என்றதும் நமக்குத் தாளோ விரிப்போ நினைவுக்கு வரும். மாலுமிக்கு அது கயிறு. பாயின் கீழ்முனையில் கட்டியிருக்கும். காற்றுக்கேற்ப அதை இழுத்தும் தளர்த்தியும் பாயை அடக்கி வைப்பார்கள். கயிறு கைநழுவினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், காற்றைப் பிடிக்காது, கப்பல் தள்ளாடும். மூன்று கயிறும் அவிழ்ந்த கப்பலின் நடையைக் குடிகாரனிடம் கண்ட கண் கூர்மையானது.

எதிர்க்காற்றை ஒட்டிச் செலுத்துவது 'பை', பின்காற்றில் விடுவது 'லார்ஜ்'. இரண்டையும் சேர்த்த 'பை அண்ட் லார்ஜ்' இன்று 'பொதுவாகப் பார்த்தால்' என்று பொருள்படும். காற்று திடீரென முன்னாலிருந்து வீசிப் பாயை மரத்தோடு அழுத்த, கப்பல் நின்றுபோகும் நிலை 'டேக்கன் அபேக்'. இப்போது திகைத்துப்போவதைக் குறிக்கிறது.

'பிட்டர் எண்ட்' தமிழில் 'கசப்பான முடிவு' ஆகிவிடுவதுண்டு. அது பிழை. நங்கூரக் கயிற்றைச் சுற்றிக் கட்டும் தளத்துக் கட்டைக்கு 'பிட்' என்று பெயர். கப்பலுக்குள்ளேயே தங்கும் கயிற்றின் உள்முனையை ஜான் ஸ்மித் 1627இல் எழுதிய கடல்தொழில் நூல் 'பிட்டர் எண்ட்' என்ற பெயரால் குறிக்கிறது. அந்த முனை வந்துவிட்டால் இனி விடுவதற்குக் கயிறு இல்லை. 'கடைசிவரை' என்பதே நேரான தமிழ்.

'லூஸ் கேனன்' எப்போது என்ன செய்வாரென்று சொல்ல முடியாத, கூட இருப்பவர்களுக்கே ஆபத்தான ஆள். போர்க்கப்பலின் பெரிய பீரங்கி இரண்டரை டன்னைத் தாண்டும், சக்கரத்தில் நிற்கும். கட்டு அறுந்து, ஆடும் தளத்தில் அது உருண்டால் எதிரியே தேவையில்லை. விக்தர் யூகோ 1874இல் வெளியிட்ட நாவலில் இப்படியொரு காட்சி உண்டு.

'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பது கண்டும் காணாமல் இருத்தல். 1801இல் கோபன்ஹேகன் போரில் பின்வாங்கச் சொன்ன கொடிச் சைகையை, தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்துப் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தட்டிக்கழித்த கதையால் இது புகழ்பெற்றது.

எல்லாவற்றையும் கடலோடு முடிச்சுப் போட்டுவிடவும் கூடாது. இரகசியத்தைப் போட்டு உடைப்பதைச் சொல்லும் 'லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்' தொடரிலுள்ள பூனை, மாலுமிகளை அடித்த ஒன்பது வால் சாட்டைதான் என்ற விளக்கத்துக்குச் சான்று இல்லை.