மிச்சக் காசு யாருக்கு? ஃபோர்டு வழக்கும் மதுரைக் கண் ஆஸ்பத்திரியும்

ஒரு ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ "நாங்க நான்-ப்ராஃபிட்"னு சொன்னா, உடனே வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "அப்புறம் எதுக்குக் காசு வாங்குறாங்க?" ஆனா காசு வாங்குறதுல தப்பே இல்லை. செலவு போக மிச்சமும் பிடிக்கலாம். அந்த மிச்சம் யாருக்குப் போகலாம் என்பதில்தான் வித்தியாசமே இருக்கு. இன்னைக்கு இதை ரெண்டு கதை வழியா பார்க்கலாம். ரெண்டுலயும் ஒரு பொருளோட விலையைக் குறைக்கிறாங்க. ஒரு இடத்துல அது கோர்ட் வரைக்கும் போச்சு. இன்னொரு இடத்துல யாரும் தடுக்கலை.

முதல் கதை அமெரிக்காவில், டெட்ராய்ட்டில். 1903ல ஹென்றி ஃபோர்டு கார் கம்பெனி தொடங்கினப்போ, அவருக்கு இன்ஜின் செஞ்சு கொடுத்தவங்க ஜான் டாட்ஜ், ஹொரேஸ் டாட்ஜ் என்ற அண்ணன் தம்பி. கம்பெனியில் அவங்களுக்கு 10% பங்கு. ஃபோர்டோட பங்கு பிற்பாடு 58% ஆச்சு. மாடல் டி கார் சக்கைப்போடு போட்டது, பணம் குவிஞ்சது.

1916ல ஃபோர்டு ஒரு முடிவு எடுத்தார். வழக்கமான டிவிடெண்ட் மட்டும் வரும், ஸ்பெஷல் டிவிடெண்ட் இனி கிடையாது. மிச்சப் பணத்துல பெரிய தொழிற்சாலை கட்டுவோம், இன்னும் நிறைய பேருக்கு வேலை கொடுப்போம். காரோட விலையும் 440 டாலர்ல இருந்து 360 டாலருக்கு இறங்கினது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டாட்ஜ் சகோதரர்கள் அதுக்குள்ள சொந்தமா கார் கம்பெனி ஆரம்பிச்சிருந்தாங்க. போட்டியாளர் கைக்குப் பணம் போகாம தடுக்கத்தான் ஃபோர்டு இப்படிச் செய்றார்னு ஒரு சந்தேகமும் இருந்தது. அவங்க வழக்கு போட்டாங்க. 1919ல மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சொன்னதோட சாரம் இது: வணிகக் கம்பெனி முதன்மையா பங்குதாரர்களோட லாபத்துக்காக நடப்பது, அந்தக் குறிக்கோளையே மாத்த நிர்வாகிகளுக்கு உரிமை இல்லை. சுமார் 1.93 கோடி டாலர் டிவிடெண்ட் கொடுக்கச் சொன்னது. புதுத் தொழிற்சாலைத் திட்டத்துல மட்டும் நீதிமன்றம் கை வைக்கலை.

வேடிக்கை என்னன்னா, அந்த டிவிடெண்டுல பெரும்பகுதி ஃபோர்டுக்கே போச்சு. அதே வருஷம் அவர் மத்தவங்க பங்கையெல்லாம் வாங்கிட்டார். இந்தத் தீர்ப்பு கம்பெனிகளை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும்னு சட்டம் படிச்சவங்க இன்னைக்கும் வாதாடுறாங்க. நமக்கு வேண்டியது ஒரு விஷயம்தான்: "என் பங்கு எங்கே?"னு உரிமையோட கேட்க அங்கே ஆள் இருந்தாங்க.

அப்படிக் கேட்க ஆளே இல்லாத ஒரு அமைப்பு எப்படி இருக்கும்? அதுக்கு மதுரைக்கு வருவோம்.

1976. டாக்டர் கோ. வெங்கடசாமி, கண் டாக்டர். மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்கிப் போயிருந்தும், அதே கையால அறுவை சிகிச்சை செய்யப் பழகினவர். 58 வயசுல அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றதும், குடும்பத்தோட சேர்ந்து 11 படுக்கைகளோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். டிரஸ்டா தொடங்கினதால பங்கு வித்துப் பணம் திரட்ட வழியில்லை. வீட்டை அடமானம் வெச்சாங்க.

காசு கொடுக்க முடிஞ்சவங்ககிட்ட ஆரம்பத்துல இருந்தே கட்டணம் வாங்கினாங்க. அந்த வருமானம்தான் முடியாதவங்களுக்கான இலவச சிகிச்சையைத் தாங்கினது. மிச்சம் வந்தது, அது அடுத்த கட்டடமாச்சு. 1985ல தேனி, 1988ல திருநெல்வேலி, 1997ல கோவைன்னு கிளைகள் வந்தன.

இப்போ விலைக் கதை. கண்புரை அறுவையில் கண்ணுக்குள்ள வைக்கிற செயற்கை லென்ஸ் அப்போ வெளிநாட்டுல இருந்துதான் வரணும். ஒண்ணு சுமார் 100 டாலர். வாங்க முடியாதவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடிதான். 1992ல அரவிந்த் தரப்பே ஆரோலேப்னு ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடங்கி, லென்ஸை சுமார் 10 டாலருக்குக் கொண்டுவந்தது. பிறகு இன்னும் குறைஞ்சது. ஆரோலேப்பும் சும்மா கொடுக்கலை. வித்தது, பல நாடுகளுக்கு ஏற்றுமதியும் செஞ்சது. ஆனா விலை இறங்கினப்போ "என் டிவிடெண்ட் போச்சே"னு வழக்கு போட அங்கே பங்குதாரர் யாருமில்லை.

நம்ம நாட்டுச் சட்டத்துலயும் இந்தக் கோடு தெளிவா இருக்கு. 2013 கம்பெனிகள் சட்டத்தோட 8வது பிரிவுல பதிவான கம்பெனி லாபம் ஈட்டலாம். அதைத் தன் நோக்கத்துக்கே செலவழிக்கணும், உறுப்பினர்களுக்கு டிவிடெண்ட் கூடாது. "லாப நோக்கற்ற" என்ற தமிழ்ச் சொல் இங்கே நல்லாப் பொருந்துது. லாபமே இல்லைன்னு அது சொல்லலை, நோக்கம் அது இல்லைன்னுதான் சொல்லுது.

அப்போ நான்-ப்ராஃபிட்னா நல்லவங்க, கம்பெனின்னா கெட்டவங்களா? அப்படியும் இல்லை. பங்கு வித்து வேகமா முதலீடு திரட்ட முடியறதாலதான் ஒரு கம்பெனியால பெரிய ரிஸ்க் எடுக்க முடியுது. டிரஸ்ட் பெரும்பாலும் நன்கொடையையும் கடனையும் தன் மிச்சத்தையும் நம்பி மெதுவா வளரணும். இன்னொரு ஆபத்தும் இருக்கு. கேள்வி கேட்க பங்குதாரர் இல்லைங்கறது அரவிந்துக்கு வரமா அமைஞ்சது. மோசமான நிர்வாகிகள் கையில் அதே விஷயம் கேள்வியே இல்லாத அதிகாரம் ஆகிடும். டிவிடெண்ட் எடுக்க முடியாதவங்க பெரிய சம்பளமாவோ, சொந்தக்காரர் கம்பெனிக்குக் கான்ட்ராக்டாவோ எடுத்துக்கலாம்.

அதனால, நன்கொடை கொடுக்கும்போதோ, ஒரு என்.ஜி.ஓ.வுல வேலைக்குச் சேரும்போதோ, "காசு வாங்குறாங்களா?"ன்னு கேட்டுட்டு நிறுத்தாதீங்க. போன வருஷம் எவ்வளவு மிச்சம்? அது எங்கே போச்சு? மேல இருக்கறவங்க சம்பளம் என்ன? கணக்கை யார் தணிக்கை செய்றாங்க? இதையும் கேளுங்க. ஒழுங்கா நடக்கிற இடம்னா கணக்கைக் காட்டத் தயங்காது.