கதிரறுவையின் வரலாறு

மருத்துவ வரலாற்றின் பெரும்பகுதி கத்தியின் வரலாறேயாம். அறுத்தும் சுட்டும் நோய் தீர்க்கும் மருத்துவன்மீது நோயாளன் கொள்ளும் நீங்கா அன்பைக் குலசேகராழ்வார் தம் திருமொழியில் உவமையாக எடுத்தாண்டார். அறுவையும் சூடும் அக்காலத்தே மருத்துவத்தினின்றும் பிரிக்கவொண்ணாதனவாய் இருந்தமை இதனாற் புலனாகும். உடலைத் திறவாது, குருதி சிந்தாது, உள்ளிருக்கும் கட்டியை அழிக்கும் கதிரறுவை என்னும் முறையோ 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே உருப்பெற்றது. நோயாளனைப் பிணித்திருந்த தளைகள் ஒவ்வொன்றாய் அவிழ்ந்த கதையே அதன் வரலாறு.

1895ஆம் ஆண்டில் செருமனியின் வூர்ஸ்பேர்க் நகரில் றொன்ட்ஜன் என்னும் பேராசிரியர் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். சின்னாட்களிலேயே மருத்துவர் அதனைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தத் தலைப்பட்டனர். ஆயினும், ஆழத்தேயுள்ள கட்டியைச் சுடப் புகுந்த கதிர், செல்லும் வழியிலுள்ள தோலையும் நற்றசையையும் உடன் சுட்டது. 1951இல் கனடாவில் கோபாற்று-60 இயந்திரங்கள் பயன்பாட்டிற்கு வந்தபின், தோலை அத்துணை வருத்தாது ஆழத்தைச் சென்றடைதல் கைகூடியது. தமிழகத்தில், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1954இல் தோன்றியது.

நற்றசையைக் காக்கும் வழியைத் தெளிவுறக் கண்டவர் சுவீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் ஆவர். ஒரே திசையில் வன்மையான கதிரைச் செலுத்துவதை விடுத்து, மென்மையான கதிர்கள் பலவற்றைப் பல திசைகளினின்றும் ஒரு புள்ளியிற் குவிப்பதே அவர் கண்ட வழி. மலைச்சாரலின் சிற்றோடை ஒவ்வொன்றும் கால் நனைத்துக் கடக்கத்தக்கதே. அவையெல்லாம் ஒன்று கூடுமிடத்திலோ வெள்ளம் ஆளை அடித்துச் செல்லும். அவ்வாறே ஒவ்வொரு கதிரும் தான் செல்லும் வழியிற் சிறு தீங்கே செய்யும்; யாவும் கூடுமிடத்திற் கட்டி அழியும். 1951இல் இக்கருத்தை வெளியிட்ட அவர் அதற்குக் கதிரறுவை என்று பெயரும் இட்டார். 179 கோபாற்று ஊற்றுகளைக் கொண்ட அவரது முதற் கருவி 1967–68இல் சுவீடனின் தலைநகராகிய ஸ்டொக்ஹோமிற் செயற்படத் தொடங்கியது.

கத்தி நீங்கியும் மற்றொரு தளை எஞ்சியது. குறி பிசகாதிருக்கும் பொருட்டு நோயாளனின் மண்டையோட்டில் உலோகச் சட்டமொன்று திருகாணிகளாற் பொருத்தப்பட்டது. தலைக்குப் பொருந்திய அச்சட்டம் நுரையீரலுக்கோ முதுகெலும்புக்கோ பொருந்துவதன்று. 1985இல் லெக்செல்லின் நகருக்குச் சென்று பயின்ற அமெரிக்க மருத்துவர் ஜோன் அட்லர், சட்டமின்றியே குறி தப்பாதிருத்தல் இயலுமா என ஆராய்ந்தார். அவர் முயற்சியின் பயனாக உருவான சைபர்நைஃப் என்னும் கருவியால் 1994இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் முதல் நோயாளர் சிகிச்சை பெற்றார். அமெரிக்க அரசு 1999இல் தலை, கழுத்துப் பகுதிகளுக்கும், 2001இல் உடலின் ஏனைய பகுதிகளுக்கும் இதனைப் பயன்படுத்த இசைவளித்தது.

இக்கருவியின் அமைப்பு வியத்தற்குரியது. மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளிற் பயன்படும் இயந்திரக் கையை ஒத்த, ஆறு மூட்டுகளையுடைய கையொன்று, எக்ஸ்-கதிரைத் தோற்றுவிக்கும் சிறிய முடுக்கியைத் தாங்கி நிற்கும். கூரையிலுள்ள இரு எக்ஸ்-கதிர்க் குழாய்கள் இடையிடையே படமெடுக்க, கணினி அவற்றை முன்னரே எடுத்த படங்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கும். நோயாளர் சற்றே அசையின், கையும் தன் குறியைத் திருத்திக்கொள்ளும். மூச்சினால் ஏறியிறங்கும் நுரையீரற் கட்டியையும் அது மூச்சோடொத்துத் தொடரும். பிழை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் அளவினதே. வழமையான கதிர்ச் சிகிச்சை பல வாரங்கள் நீள, இது பெரும்பாலும் 1 முதல் 5 அமர்வுகளில் நிறைவுறும். மயக்க மருந்தும் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

2009இல் சென்னை அப்பலோ மருத்துவமனையில் இக்கருவி நிறுவப்பட்டது. எனினும், இது எல்லாப் புற்றுக்கும் மருந்தாகாது. சிறிதாய், எல்லை தெளிந்ததாய் உள்ள கட்டிக்கே இது சிறப்பாக உரியது. உடலெங்கும் பரவிவிட்ட நோயை இதனால் மட்டும் வேரறுக்க இயலாது. கத்தி, கட்டியை வெளியே எடுத்துச் சோதனைக்குத் தரும். கதிர் அதனைத் தராது. பயன் தெரியவும் வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். ஆதலின் கத்தி முற்றாக ஓய்வுபெற்றதெனக் கருதுதல் தவறு.

பதுளையிலிருந்து மட்டக்களப்புச் செல்லும் பெருவீதியில் அமைந்த லுணுகலையிலும், அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்வோர்க்கு இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று வாய்ப்புற்றே. பாக்கும் புகையிலையும் சேர்ந்த வெற்றிலை அதற்குப் பெருங்காரணம். குளிரையும் பசியையும் மறக்க மென்று பழகிய தோட்டத் தொழிலாளரை அது எளிதிற் பற்றுகின்றது. இப்புற்றுக்குப் பெரிதும் உரியன அறுவையும் வழமையான கதிர்ச் சிகிச்சையுமே. கடல் கடந்த நகரின் இயந்திரக் கையை எண்ணி ஏங்குதல் இங்கே பயன் தராது.

வாயினுள் வெள்ளை அல்லது செந்நிறத் தழும்பு தோன்றினும், புண்ணொன்று மூன்று வாரத்தில் ஆறாதிருப்பினும், ஒரு நாட்பேர் போய்விடுமே என்று தயங்காது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். கட்டி சிறிதாயிருக்கையிற் கண்டவர்க்கே கத்தியும் கதிரும் ஒருங்கே துணைநிற்கும். நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் பலர் உழைத்து அமைத்த கருவி எதுவும், காலந்தாழ்த்து வந்தவர்க்கு இழந்த காலத்தை மீட்டுத் தரமாட்டாது. கற்றோர் இதனைத் தத்தம் லயங்களிலும் இல்லங்களிலும் எடுத்துரைப்பின், அதுவே அவர்தம் கல்வியின் பயனாம்.