தேவைப் படிநிலைக் கோட்பாடு: பணியிடத்தில்

அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் முன்வைத்தது. பசி, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, தன் ஆற்றலை முழுதாக வெளிப்படுத்தல் என்று மனிதத் தேவைகள் படிப்படியாக எழுகின்றன என்றார். அப்படியானால், வயிறு நிறைந்த தொழிலாளியைச் சம்பளம் மட்டும் உற்சாகப்படுத்தாது. பாடநூல்களில் இத்தேவைகளைக் காட்டும் பிரமிடு அவர் வரைந்ததல்ல. பின்னால் நிர்வாகவியலார் ஒட்டவைத்தது.

கலிபோர்னியாவின் டெல் மார் நகரில் மின்னழுத்தமானி தயாரித்த நான்-லீனியர் சிஸ்டம்ஸ் உரிமையாளர் ஆண்ட்ரூ கே, இக்கருத்துகளைப் படித்து அசெம்பிளி லைனையே கலைத்தார். சிறு குழுக்களிடம் கருவி தயாரிப்பை ஒப்படைத்தார். 1962 கோடையில் அங்கே தங்கிய மாஸ்லோ எழுதிய குறிப்புகள் 1965-இல் நூலாயின. வேடிக்கை என்னவென்றால், மருத்துவ அனுபவத்தில் பிறந்த கோட்பாட்டைத் தொழிற்சாலைக்கு அவசரமாகப் பொருத்துகிறார்களே என்று அதில் கவலைப்பட்டவரும் அவரே.

விற்பனை சரிந்ததும் ஆலை பழைய முறைக்குத் திரும்பியது.