சென்னை மதுக்கூடங்களின் வரலாறு

சென்னை மதுக்கூடங்கள் என்பன சென்னை நகரிலும், தாம்பரம், பல்லாவரம், பெரும்பாக்கம் முதலிய தென்புறநகர்ப் பகுதிகளிலும் பொதுமக்கள் அமர்ந்து மது அருந்துவதற்கான இடங்கள் ஆகும். பேச்சு வழக்கில் இவை பார் எனப்படுகின்றன. இலண்டன், டப்ளின் போன்ற நகரங்களில் நூறாண்டுகளைக் கடந்த மதுவகங்கள் அதே பெயரில், அதே கட்டடத்தில் இயங்கி வருவதால் அவற்றின் வரலாற்றை எழுதுவது ஒப்பீட்டளவில் எளிது. சென்னையில் நிலைமை வேறு. இங்கு சட்டம் மதுக்கடைகளைப் பலமுறை மூடியும் திறந்தும் வந்துள்ளது. 2003 முதல் கடைகள் பெயரால் அன்றி எண்ணால் அறியப்படுகின்றன. எனவே ஒரு தெருவின் மதுக்கூட வரலாறு என்பது பெரும்பாலும் கட்டடத்தில் இல்லை. அரசாணைகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அங்கு வாழ்ந்தோரின் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றது.

பெயர்கள்

கள்ளுக்கடை, சாராயக்கடை, பிராந்திக்கடை, ஒயின்ஷாப், டாஸ்மாக் ஆகிய சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்தப்பட்டாலும் ஒவ்வொன்றும் ஒரு காலத்தைச் சேர்ந்தது. முதியவர் ஒருவர் தம் தெருவில் இருந்த சாராயக்கடையைப் பற்றிக் கூறினால் அது பெரும்பாலும் 1987-க்கு முந்தைய செய்தியாக இருக்கும். ஒயின்ஷாப் என்பது 2003 வரை தனியார் நடத்திய கடைகளைக் குறித்த சொல். அங்கு திராட்சை மது அரிதாகவே விற்பனையானது என்பது வேறு செய்தி. டாஸ்மாக் என்பது தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். ஒரு நிறுவனத்தின் பெயர் இன்று கடைக்கும், கூடத்திற்கும், சில வேளைகளில் மதுவுக்குமே பெயராகிவிட்டது. வாய்மொழி வரலாறு திரட்டுவோருக்கு இச்சொற்கள் காலத்தைக் கணிக்க ஓரளவு உதவுகின்றன.

வரலாறு

மது விற்கும் இடத்தைப் பற்றிய தமிழ்க் குறிப்புகள் மிகப் பழமையானவை. சங்க இலக்கியமான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இடத்தில் பறந்த கொடியையும், அதன் முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரிக்கப்பட்ட ஓசையையும் பதிவு செய்கின்றது. மதுவுடன் தொடுகறியும் சேர்ந்தே விற்கப்படுவது புதிய பழக்கம் அன்று என்பதற்கு இது சான்று.

பிரித்தானியர் ஆட்சியில் 1886-ஆம் ஆண்டின் சென்னை அப்காரி சட்டம் கள், சாராய விற்பனையை ஒழுங்குபடுத்தியது. கடைகளை ஏலம் விடுதல், கள் இறக்கும் மரத்திற்கு வரி விதித்தல் ஆகியவற்றின் மூலம் அரசுக்குப் பெரும் வருவாய் கிடைத்தது. இதனாலேயே ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கள்ளுக்கடை மறியல் அரசியல் போராட்டமாக உருவெடுத்தது. 1921-இல் ஈரோட்டில் நடைபெற்ற மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் பங்கேற்றனர்.

1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி தலைமையிலான அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. இழந்த வருவாயை ஈடு செய்ய 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஏறக்குறைய 23 ஆண்டுகள் சென்னையில் பொதுமக்களுக்கான மதுக்கூடம் சட்டப்படி இல்லை. பெர்மிட் எனப்பட்ட தனிநபர் அனுமதி பெற்றோர் மட்டுமே வெளிநாட்டு மதுவகைகளை வாங்க முடிந்தது. கள்ளச்சாராயம் விற்ற இடங்களும் இக்காலத்து வரலாற்றின் பகுதியே. எனினும் அவை காவல்துறை வழக்குகளில் மட்டும் தடயம் விட்டுச் சென்றன.

1971 ஆகஸ்டு 30 அன்று மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1973-இல் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டு, 1974-இல் முழு மதுவிலக்கு திரும்பியது. ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் 1981-இல் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் நிறுவப்பட்டது. 1987-இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 1990-இல் அறிமுகமான மலிவு விலை மது, 1991-இல் ஜெயலலிதா அரசால் நிறுத்தப்பட்டது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அரசுக் கழகத்தின் கைக்கு வந்தது. மது வழி அரசு வருவாய் 2003-04-இல் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாயாக இருந்து, 2023-24-இல் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது.

கூடத்தின் அமைப்பு

2003-ஆம் ஆண்டு விதிகளின்படி மதுவை விற்பது அரசுக் கடை; அதனை ஒட்டிய கூடத்தை ஒப்பந்தப்புள்ளி மூலம் உரிமை பெற்ற தனியார் நடத்துவர். கூடத்தை நடத்துபவர் மதுவை விற்கக் கூடாது. தின்பண்டம் விற்பதும், காலிப் புட்டிகளைச் சேகரிப்பதும் மட்டுமே அவருடைய உரிமை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நடத்துபவர் மாறக்கூடும். பெயர்ப்பலகையோ பரம்பரையோ உருவாகாமைக்கு இது முக்கியக் காரணம்.

அவித்த முட்டை, சுண்டல், மாங்காய்த் துண்டு, ஊறுகாய், மீன் வறுவல் ஆகியன வழக்கமான தொடுகறிகள். 180 மில்லிலிட்டர் புட்டி குவார்ட்டர் என்றும், அதில் பாதி கட்டிங் என்றும் அழைக்கப்படும். முழுக் குவார்ட்டருக்குப் பணம் இல்லாத இருவர், முன்பின் அறிமுகம் இல்லாதவராயினும், சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்வதுண்டு. தண்ணீர்ப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் குவளையும் இக்கூடங்களின் அடையாளமாக இருந்தன. 2019 சனவரி 1 முதல் இவை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டன. பெண்கள் இக்கூடங்களுக்குள் வருவது மிக அரிது. ஆகவே இவற்றை ஊர்ப் பொது இடம் என்று கூறுவது பாதி உண்மையே ஆகும்.

உணவு விடுதிகளும் மன்றங்களும் தனி உரிமத்தின் கீழ் வருவன. 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப், 1884-இல் தொடங்கிய ஜிம்கானா கிளப் ஆகியவற்றின் வரலாறு உறுப்பினர்களாலேயே நன்கு எழுதப்பட்டுள்ளது. கூலித் தொழிலாளர் குடித்த இடங்களுக்கு அத்தகைய எழுத்தாளர் வாய்க்கவில்லை.

தென்புறநகரும் நெடுஞ்சாலைத் தீர்ப்பும்

தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள மதுக்கடைகளை 2017 மார்ச்சு 31-க்குப் பின் நடத்தக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட கடைகள் இதனால் மூடப்பட்டன. தாம்பரம் வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. பழைய மாமல்லபுரம் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் மாநில நெடுஞ்சாலைகள். தென்புறநகரின் வணிகம் இச்சாலைகளை ஒட்டியே வளர்ந்தது என்பதால் தீர்ப்பின் தாக்கத்தை இங்கு எளிதில் ஊகிக்கலாம். மூடப்பட்ட கடைகளுக்கு மாற்றாக உட்புறக் குடியிருப்புகளில் கடை திறக்க முயன்றபோது மாநிலத்தின் பல இடங்களில் பெண்கள் முன்னின்று போராடினர். கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. 2017 சூலையில், நகராட்சி எல்லைக்குள் இத்தடை பொருந்தாது என நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அப்போது தாம்பரம் நகராட்சி; பெரும்பாக்கம் ஊராட்சி. இவ்விரு ஊர்களுக்கும் சட்டம் ஒன்றாக இருக்கவில்லை. கல்வி நிலையம், வழிபாட்டிடம் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டிய தொலைவும் நகர்ப்புறத்தில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் என வேறுபடுகின்றது. புறநகரில் ஒரு கடை ஏன் அந்த இடத்தில் உள்ளது என்பதற்கு வாடிக்கையாளரின் விருப்பத்தை விட இத்தகைய அளவுகளே பெரும்பாலும் விடையாகும்.

2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், கடைகளை ஒட்டிய கூடங்களை ஆறு மாதங்களில் மூடுமாறு உத்தரவிட்டார். எனினும் அதன் பின்னரும் கூடங்கள் இயங்கின. 2023 சூன் 22 அன்று 500 கடைகளை அரசு மூடியது.

ஆவணப்படுத்தல்

மதுக்கூடங்களை நேரில் சென்று பதிவு செய்ததில் இங்கிலாந்தின் மாசு அப்சர்வேசன் குழு முன்னோடியாகும். 1930-களின் இறுதியில் போல்ட்டன் என்னும் ஆலை நகரில் இக்குழுவின் தன்னார்வலர்கள் ஒரு குவளையைக் குடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பது வரை குறித்து வைத்தனர். அவர்களது நூல் 1943-இல் வெளியானது. தமிழில் இதற்கு நிகரான களஆய்வு நூல் அரிது.

சென்னையில் இப்பணியை மேற்கொள்ள விரும்பும் மாணவர், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ள அப்காரி ஆட்சி அறிக்கைகளிலிருந்து தொடங்கலாம். அண்மைக் காலத்திற்குக் கடை எண்களைக் குறிப்பிடும் தீர்ப்புகளும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளும் உதவும். கூடத்திற்குச் செல்லும்போது குடிப்போரின் முகத்தைப் படம் எடுப்பது தவிர்க்கப்பட வேண்டும். அது ஒருவரின் வேலையையோ குடும்ப அமைதியையோ பாதிக்கக்கூடும். கடைக்கு எதிராகப் போராடிய பெண்களின் கூற்றையும், கூடத்தில் முட்டை உரிக்கும் தொழிலாளியின் கூற்றையும் சேர்க்காத பதிவு முழுமையற்றது.

பெரும்பாக்கம் இவ்வகையில் கவனத்திற்குரியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டன. நகரின் நடுவே அவர்கள் வாழ்ந்த தெருக்களே இன்று இல்லை. அத்தெருக்களின் கள்ளுக்கடை, சாராயக்கடை பற்றி அறிந்த முதியோரை இப்போது அங்கன்றி இங்கேதான் தேட வேண்டியுள்ளது. 1971-இல் இருபது வயதினராக இருந்தோர் எழுபதைக் கடந்துவிட்டனர்.

புனைவிலும் இக்கூடங்கள் பதிவாகியுள்ளன. கமலக்கண்ணன் இயக்கிய மதுபானக்கடை (2012) என்னும் திரைப்படம் ஒரு டாஸ்மாக் கூடத்தையும் அங்கு வந்து செல்வோரையும் மையமாகக் கொண்டது.