படத்தின் மேல் வந்த எழுத்து



1985 செப்டம்பர். போலந்தின் தோருன் நகரில் அரசுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று படத்தின் மேலேயே எழுத்துகள் தெரிந்தன. விலையேற்றமும் பொய்யும் அடக்குமுறையும் போதும் என்றது ஒன்று. வரப்போகும் தேர்தலைப் புறக்கணியுங்கள் என்றது இன்னொன்று. கூடவே சாலிடாரிட்டி சின்னம்!

சாலிடாரிட்டி 1980இல் பிறந்த தொழிற்சங்கம். சோவியத் பிடியில் இருந்த அரசு மறு ஆண்டே ராணுவச் சட்டம் போட்டது. 1982இல் சங்கத்தைத் தடையும் செய்தது.

இந்த வேலையைச் செய்தவர்கள் நான்கு வானியலாளர்கள். கோப்பர்நிகஸ் பிறந்த ஊர் அல்லவா! கையில் இருந்தது ஒரு சின்க்ளேர் வீட்டுக் கணினியும் ஒரு டிரான்ஸ்மிட்டரும். அரசு ஒளிபரப்போடு தங்கள் சிக்னலை இம்மி பிசகாமல் இணைத்தால்தான் படம் கலையாமல் எழுத்து நிற்கும். (இயற்பியல் வகுப்பில் தூங்கியவர்கள் கவனிக்க.)

விலை ஏறியது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. அடுத்த வீட்டுக்காரரும் அதே நிமிடம் அதைப் படித்தார் என்பதுதான், என் பார்வையில், பெரிய விஷயம். பயந்து வாழும் ஊரில் ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் இப்படி நினைக்கிறோம் என்றிருப்பார்கள்.

நால்வரும் பிடிபட்டார்கள், வழக்கு, அபராதம். 1989 ஜூனில் சாலிடாரிட்டியும் போட்டியிட்ட தேர்தல் வந்தது. செனட்டின் 100 இடங்களில் 99 அவர்களுக்கு.